மடியிற் கத்தி: ஓர் அறவியல் நோக்கு

சென்ற விடுமுறையின்போது என் தாயார் தமது ஒரு நாட் கூலியை என் கையில் வைத்து, இரத்தினபுரி நகருக்குச் சென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொள்ளுமாறு பணித்தார். நாங்கள் இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் வாழ்பவர்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் நாள்களில் கடைசிப் பஸ் என்னைச் சந்தியில் இறக்கிவிடும்போது நன்கு இருட்டிவிடும். அங்கிருந்து எங்கள் லயத்துக்கு இரண்டு மைல். வழியில் விளக்கு இல்லை. இரு மருங்கும் இறப்பர் மரங்களே. “கையில ஏதாவது வச்சுக்க புள்ள. வெல கூடினது வேணாம். கைக்கு அடக்கமா இருந்தாப் போதும்” என்றார் அம்மா. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு விடியலிலும் கத்தி பிடித்து மரத்தில் பால் வெட்டி வருபவரின் சொல் அது. எளிதில் தட்டிவிடக் கூடியதன்று.

நகரத்து இரும்புக் கடையில் முதலாளி மூன்று கத்திகளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். அவை விலையாலும் அளவாலும் வேறுபட்டவை. எதனைக் காட்டுவது என்று அறியும் பொருட்டே அவர் கேட்டார்: “என்னத்துக்கு மகள்?” வியாபாரி எவரும் கேட்கும் சாதாரணக் கேள்விதான். ஆயினும் நான் திகைத்து நின்றேன். பின்னர், “பழம் வெட்ட” என்றேன். அது பொய்.

தற்காப்பு என்பது எவரும் மறுக்காத உரிமை. அவ்வாறாயின் அதனைச் சொல்ல நா ஏன் கூசிற்று? இக்கட்டுரை அந்த ஒரு கூச்சத்திலிருந்து பிறந்தது. குறைந்த விலையில் ஒரு மடக்குக் கத்தியைத் தற்காப்புக்கென வாங்கி நாள்தோறும் உடன்கொண்டு செல்லுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இது அற்பமான வினாப்போலத் தோன்றலாம். ஆனால் அரசு, அச்சம், அயலவன், உயிர் ஆகிய பெரிய விடயங்கள் யாவும் இச்சிறிய வினாவினுள் அடங்கியுள்ளன என்பதே என் கருத்து.

முதலில் பொருளை நோக்குவோம். கத்தியொன்றைத் தெரிவதற்குச் சில முறைகள் உண்டு. முதலாவது உருக்கு. கரிம உருக்கினாலான அலகு எளிதிற் கூர்மை பெறும். ஆனால் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் இரத்தினபுரியில் துடைத்து எண்ணெய் பூசாவிடில் விரைவிலே துருவேறும். துருப்பிடியா உருக்கு அத்தொல்லை அற்றது. அடுத்தது பூட்டு. பூட்டில்லாத மடக்குக் கத்தியின் அலகை வில் ஒன்று மாத்திரமே தாங்கி நிற்கும். அழுத்திக் குத்தினால் அது மடிந்து, பிடித்தவரின் விரலையே அறுக்கும். பூட்டுள்ள கத்தியிலும் விலை மலிந்தவற்றின் மூட்டு ஆணி விரைவிற் தளரும். தளர்ந்தபின் பூட்டை நம்புவதற்கில்லை. மூன்றாவது பிடி. நனைந்த கையில் வழுக்காத பிடியே நற்பிடி. அலகு மூன்று அங்குலமாயின் அன்றாட வேலைக்கு அதுவே போதுமானது.

இவை யாவும் பழம் வெட்டும் கத்திக்கும் பொருந்தும். பகைவனுக்கெனக் கொள்ளும் கத்திக்கும் பொருந்தும். இரும்பில் வேற்றுமை இல்லை. ஆயினும் தற்காப்பு என்ற எண்ணம் புகுந்தவுடன் வேறு சில அளவுகோல்களும் கூடவே புகுந்துவிடுகின்றன. ஒரு கையால் விரைந்து திறக்க இயலுமா? திறக்கும் ஓசை கேளாதிருக்குமா? பையினுள் மறைந்திருக்குமா? முனை கூரியதா? கடையிலே நான் இவற்றைத்தான் மனத்துள் எண்ணிக்கொண்டிருந்தேன். வேலைக்கான கத்தி வேலை முடிந்ததும் மடங்கி ஓய்வு கொள்ளும். தற்காப்புக்கான கத்தியோ மடங்கியிருக்கும்போதே திறக்கும் கணத்தை நோக்கி இருக்கிறது. எனவே, எந்தக் கத்தி நல்லது என்ற வினாவுக்கு முன்னர், எதற்கு என்ற முதலாளியின் வினாவே விடை வேண்டி நிற்கின்றது.

எங்கள் மக்களுக்குக் கத்தி அந்நியப் பொருளன்று. சப்ரகமுவத் தோட்டங்களின் வாழ்வே கத்தியின் மீது எழுந்தது எனினும் பொருந்தும். 1876ஆம் ஆண்டில் கியூ தாவரப் பூங்காவிலிருந்து வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட இறப்பர் நாற்றுகளின் வழித்தோன்றல்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் குன்றுகளெங்கும் பரவியபோது, அவற்றில் பால் வெட்டும் கத்தியும் எங்கள் முன்னோரின் கைக்கு வந்தது. தேயிலை மலைகளில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. செடியைத் தறித்துக் கவ்வாத்துச் செய்வது வாழ்வளிக்கும் தொழிலாகையால் கவ்வாத்துச் சாமி என ஒரு தெய்வத்தையே எம்மவர் வழிபட்டனர். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டியின் கையிலும் அரிவாள் உண்டு. காவலுக்குரிய ஆயுதத்தைத் தெய்வத்தின் கையிற் கொடுத்துவிட்டு, தொழிலுக்குரிய கத்தியைத் தம் கையில் வைத்துக்கொண்டது அச்சமூகம்.

பால் வெட்டுதல் நுட்பமான கலை. பட்டையை மெல்லிதாகச் சீவிக்கொண்டே செல்லும் கத்தி, மரத்தின் வளர்ச்சிக்கு ஆதாரமான மாறிழையத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இருக்கும்போது நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே நின்றால் பால் குறையும். அதனைத் தாண்டினால் மரம் காயப்பட்டு, பட்டை மீளவும் ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாய்ப் போகும். என் தாயார் விடியற்கருக்கலில், நெற்றி விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீற்றரைத் தவறாது காப்பார். கத்தி பிடிப்பதன் முழு அறமும் அவ்விடைவெளியில் அடங்கியிருக்கிறது எனலாம்: எங்கே நிறுத்துவது என்று அறிந்த கைக்கே கத்தி உரியது. தற்காப்புக் கத்தியைப் பற்றி என் முதல் ஐயமும் இதுவே. இருளில், அச்சத்தில், நெஞ்சு படபடக்கையில், எவருடைய கை அந்த ஒரு மில்லிமீற்றரை அறியும்?

எனினும் எதிர்த்தரப்பின் வலிமையை முதலிற் கூறிவிடுதல் முறை. தன்னைக் காக்கும் உரிமையை அறவியலோர் பெரும்பாலும் ஏற்றனர். ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் 1651ஆம் ஆண்டில் வெளியிட்ட லெவியாதன் என்னும் நூலில், பயணம் போகும் மனிதன் ஆயுதம் தரித்துச் செல்வதையும், உறங்கப் போகும்போது கதவைத் தாழிடுவதையும் சுட்டிக்காட்டி, சட்டமும் காவலரும் இருக்கும்போதே அவன் இவ்வாறு செய்வானாயின் சக மனிதரைப் பற்றி அவன் கொண்ட எண்ணம் யாது என வினவினார். மத்தியகால இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ், தன்னுயிரைக் காக்கும் நோக்குடன் அளவோடு எதிர்ப்பவன், அதனால் எதிரி இறப்பினும் குற்றவாளி ஆகான் எனக் கொண்டார்; ஆனால் கொல்லுதலையே நோக்கமாகக் கொள்ளலாகாது என்றார். அகிஞ்சையின் திருவுருவாக நாம் கருதும் காந்தியடிகளும், கோழைத்தனம், வன்முறை ஆகிய இரண்டன்றி வேறு வழி இல்லையெனின் வன்முறையையே தாம் பரிந்துரைப்பதாக 1920ஆம் ஆண்டில் எழுதினார்.

இலங்கைச் சட்டமும் இவ்வுரிமையை மறுக்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரையில் தனியார் தற்காப்புரிமை விரித்துரைக்கப்பட்டுள்ளது. மரணமோ கடுங்காயமோ விளையும் என்ற நியாயமான அச்சம் எழுமிடத்தும், வன்புணர்வு நோக்குடன் ஒருவன் தாக்குமிடத்தும், தாக்குபவனின் உயிரைப் போக்கும் அளவுக்கும் அவ்வுரிமை நீளும். அதே வேளை அச்சட்டம் இரண்டு எல்லைகளையும் வகுக்கின்றது. காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட தீங்கினைச் செய்யலாகாது. அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு அவகாசம் உள்ளவிடத்து அவ்வுரிமை இல்லை. இரண்டாவது எல்லையைப் படித்தபோது எனக்கு ஒரு கசப்பான நகைப்பு வந்தது. அவகாசம் நேரத்தை மாத்திரம் சார்ந்ததன்று. நாடிச் சென்றால் நமக்காக எழுந்து வரும் ஓர் அதிகாரி இருக்கிறார் என்ற நம்பிக்கையையும் சார்ந்தது. அந்நம்பிக்கை எங்கள் தோட்டங்களில் எத்தனை முறை முறிந்தது என்பதை வரலாறு அறியும்.

1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலும், 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலும், 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலும் சப்ரகமுவத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். 1981இல் இரத்தினபுரி, கஹவத்தை முதலிய இடங்களில் லயங்கள் எரிந்தன. பலர் உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். எங்கள் குடும்பத்துக்கும் அவ்விரவு ஒன்று உண்டு. பந்தங்களோடு கூட்டம் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது, என் தாத்தா கூரையிற் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வாசலில் நின்றார். பாட்டி அதனை அவர் கையிலிருந்து பறித்துக் கானுக்குள் வீசினார். மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இறப்பர்க் காட்டுக்குள் ஓடினார். தாத்தாவும் பின்னே ஓடினார். அடுத்த ஊரைச் சேர்ந்த சிங்களக் குடும்பமொன்று அவர்களை நான்கு நாள்கள் தன் வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தது.

அவ்விருவரும் இறக்கும்வரை அந்தக் கத்தியைப் பற்றி உடன்பட்டதே இல்லை. “கத்தி கையில இருந்திருந்தா நம்ம ஒருத்தருமே மிஞ்சியிருக்க மாட்டோம்” என்பார் பாட்டி. தாத்தா விடை சொல்லமாட்டார். நான் பத்தாம் வகுப்பில் படித்த காலத்தில் ஒருமுறை மட்டும், “உசுரு மிஞ்சிச்சு. அந்த ராத்திரிக்குப் பொறகு நா ஓடுனவன்தான் ஆயி” என்று என்னிடம் சொன்னார். உயிரைக் காத்தவர் பாட்டி. இழந்ததாகத் தாத்தா கருதியது மானத்தை. இவ்விரண்டுள் ஒன்றை இலேசாகப் பேசும் எவரது அறவுரையும் என் செவிக்கு ஏறாது.

இவ்விடத்து அரிஸ்டோட்டில் துணைபுரிகின்றார். கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனமான துணிச்சலுக்கும் இடைநிற்பதே வீரம் என்பது அவர் கொள்கை. அஞ்ச வேண்டியதனை, அஞ்ச வேண்டியவாறு, அஞ்ச வேண்டிய பொழுதில் அஞ்சுபவனே வீரன். நூறு பேருக்கு எதிரே ஒரு கத்தியோடு நிற்பது இவ்வளவுகோலின்படி வீரமாகாது. கணவனின் கையிலிருந்து கத்தியைப் பறித்து, அவருடைய சினத்தையும் பின்னாளின் மௌனத்தையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு, மூன்று பிள்ளைகளை இருளில் நடத்திச் சென்ற பாட்டியின் செயலிலேதான் வீரம் இருந்தது. காந்தியடிகள் கோழைத்தனம் என்றது ஓடுதலை மாத்திரம் அன்று. காக்க வேண்டியவரைக் கைவிட்டு ஓடுதலையே. தாத்தா எவரையும் கைவிடவில்லை. இதனை அவர் உயிரோடிருந்தபோது சொல்லும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

அக்காலம் வேறு, இக்காலம் வேறு எனலாம். இன்று என் தாயார் அஞ்சுவது கூட்டத்தையன்று. தனித்த பாதையில் எதிர்ப்படும் தனி மனிதனை. இவ்வச்சமும் வீண் அச்சமன்று. 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுக் காலம் கஹவத்தைக்கு அருகில் கொட்டகெத்தனைப் பகுதியிற் பெண்கள் பத்துக்கு மேற்பட்டோர் அடுத்தடுத்துக் கொலையுண்டனர். அக்காலத்தில் அயற்கிராமங்களில் சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒருங்கே இரவை அஞ்சினர். எனவே, பெண்ணொருத்தி கைப்பையுள் கத்தி வைத்திருப்பதைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கு, விளக்கெரியும் வீதியில் வசிப்போருக்கு உரிமை இல்லை.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரே என் மறுப்பைக் கூறுகின்றேன். அது மூன்று வகைப்படும்.

முதலாவது, மறைத்து வைத்த கத்தி காப்பதில்லை என்பது. ஹொப்ஸ் ஆயுதத்தையும் தாழ்ப்பாளையும் ஒருங்கு வைத்துப் பேசினார். ஆனால் அவை ஓரினத்தனவல்ல. தாழ்ப்பாள் எவரையும் காயப்படுத்தாமல் மறுக்கும். கத்தி காயப்படுத்தியே மறுக்கும். வெளிப்படையாகத் தாங்கிய ஆயுதமாயினும் கண்டவனைத் தயங்கச் செய்யும். சீக்கியர் தம் சமய ஒழுக்கத்தின் அடையாளமாகக் கிர்பானைத் தரிக்கின்றனர்; அஃது ஊரறிந்த உறுதிமொழி. கைப்பையுள் மடங்கிக் கிடக்கும் கத்தியோ ஒருவனையும் தயங்கச் செய்யாது. தாக்குதல் தொடங்கிய பின்னரே அது வெளிவரும். வெளிவரும்போது பறிபோகவும் கூடும். பறிபோனால் என்னுடைய கத்தியே எனக்கு எதிராகும். மலிவான பூட்டுத் தளர்ந்தால் என் விரலே முதலில் அறுபடும். உண்மையிலே அது தருவது காவலன்று, காவல் உண்டு என்னும் எண்ணமே. வணங்கும் கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கலாம் என வள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தில் எச்சரித்தது பகைவரைப் பற்றி. அத்தகைய கையை நாமே உடையவராவதைப் பற்றியும் அவ்வெச்சரிக்கையை எண்ணலாம்.

இரண்டாவது, கத்தி பார்வையை மாற்றுகின்றது என்பது. இதனை அனுபவத்தாற் கூறுகின்றேன். ஏனெனில் அன்று நான் அக்கத்தியை வாங்கினேன். அம்மாவின் கூலியில் எஞ்சிய பணத்துக்குப் பாண் வாங்கிக்கொண்டு, கத்தியைக் கைப்பையுள் வைத்துச் சந்தியில் இறங்கி நடந்தேன். முன்னர் அப்பாதையில் நடந்தபோது காலடி ஓசை கேட்டால், ஊரவர் எவரோ வருகிறார் என்று நினைத்து நின்று பார்ப்பேன். அன்று பின்னால் ஓசை கேட்டதும் கை பைக்குள் சென்றது. விரல்கள் கத்தியின் பிடியைத் தேடின. வந்தவர் அடுத்த கிராமத்து இளைஞர். தோளிலே பாக்கு மூட்டை. தனியே ஒரு பெண் நடப்பதைக் கண்டதும் அவர் தாமாகவே பாதையின் மறுகரைக்கு விலகி, எனக்கு முன்னே விரைந்து சென்றார். நான் அஞ்சக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். நான் கத்தி பிடித்திருந்ததை அவர் அறியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் பாட்டியை ஒளித்து வைத்த வீடு அவருடைய கிராமத்திலேதான் இருக்கிறது.

மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்பார்கள். அப்பழமொழியிற் கனம் என்பது பொன்னையும் பணத்தையும் குறித்தது. கத்தியும் ஒரு கனமே. அச்சம் இருந்ததனாலே கத்தியை எடுத்தேன். எடுத்த பின்னர் ஒவ்வோர் ஓசையும் அச்சத்துக்குக் காரணமாயிற்று. இருளில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும், இவரை எங்கே குத்துவது என்ற வினாவோடு நோக்கும் கண் எனக்கு வாய்த்தது. அக்குவைனாஸ் தற்காப்பினை ஏற்றதற்குக் காரணம், தாக்கப்பட்டவனின் நோக்கம் உயிர்காத்தல் என்பதே. முனை கூரியதா, மறைவாக இருக்குமா எனத் தேர்ந்து வாங்கும்போது அந்நோக்கம் அதே நோக்கமாக நிற்கின்றதா? தாக்குதல் நிகழுமுன்னரே, தாக்குபவன் யாரென்று தெரியுமுன்னரே, அவனைக் காயப்படுத்தும் முடிவின் பாதியை நான் கடையிலே எடுத்துவிட்டேன். முதலாளியின் கேள்விக்கு என் நா கூசியது இதனாலேதான் என இப்போது கருதுகின்றேன்.

மூன்றாவது, மலிவு யாருக்கு என்பது. மலிவான கத்தி வேண்டும் என்று அம்மா சொன்னார். ஒரு நாட் கூலிக்குள் அடங்கியது, ஆகவே மலிவு. ஆனால் அப்பாதைக்கு விளக்கிடும் பொறுப்பு யாருடையது? மாலையில் இன்னொரு பஸ் ஓடச்செய்யும் பொறுப்பு யாருடையது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் நின்றது. தோட்டத்தவர் வாக்களிக்கலாம், அவர்கள் வாக்களித்த சபை அவர்களது பாதைக்கு ஒரு விளக்குக் கம்பம் நட இயலாது! 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, பாதை இன்னும் இருளாகவே உள்ளது. விளக்குக் கம்பத்தின் செலவைச் சபையும், பாதையின் செலவைத் தோட்ட நிருவாகமும் மிச்சப்படுத்துகின்றன. அந்த மிச்சத்தின் விலையை மரத்தில் பால் வெட்டும் பெண்ணொருத்தி தன் கூலியிலிருந்து மடக்குக் கத்தியாகச் செலுத்துகின்றாள். பொதுக்கடமை தனிமனிதரின் கைப்பைக்குள் இறங்கிவிட்டது. இதனை மலிவு என்பது எங்ஙனம்?

கேகாலை மாவட்டத்தின் நிகழ்ச்சியொன்று இதனைத் தெளிவுறுத்தும். தெரணியகலைப் பகுதியிலுள்ள நூரி தோட்டத்தின் அத்தியட்சகர் 2013ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கொலையுண்டார். அப்போதைய தெரணியகலைப் பிரதேச சபைத் தலைவர் உட்படப் பலர் பின்னர் அவிசாவளை மேல் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டனர். மரண தண்டனை சரியா என்பது வேறொரு கட்டுரைக்குரிய வினா. ஈண்டு நாம் நோக்க வேண்டியது இரண்டு. தோட்டத்துப் பெரியதுரைக்கே காவல் இல்லாத இடத்தில் மூன்றங்குல அலகு யாரைக் காக்கும்? அன்றியும், அதிகாரமும் ஆள்பலமும் உடையோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது எவருடைய கத்தியுமன்று, சாட்சியமும் நீதிமன்றமுமே. சாட்சி சொல்பவருக்கு வேண்டிய துணிவு கத்தி பிடிப்பவருக்கு வேண்டிய துணிவைவிடக் குறைந்ததன்று.

இம்மூன்று காரணங்களாலும், கத்தி வைத்திருப்போர் அனைவரும் தவறிழைப்பவர் என்று நான் முடிவுகட்டவில்லை. நீதிக்கு எட்டாத இடத்தில் வாழ்பவரிடம், ஆயுதம் ஏந்தாதே என்று மாத்திரம் சொல்வது அரை உண்மை. அரை உண்மை சில வேளைகளிற் பொய்யைவிடக் கொடியது. ஆயுதம் ஏந்தாதே என்று சொல்பவர், நான் உனக்கு விளக்காகவும் துணையாகவும் சாட்சியாகவும் நிற்பேன் என்பதையும் உடன்சொல்லக் கடமைப்பட்டவர். அதனைச் சொல்லாத அகிஞ்சை, பிறரது ஆபத்திலே தன் தூய்மையைப் பேணிக்கொள்ளும் செயலாகும்.

அவ்வாறாயின் கத்தியைத் தெரிவு செய்வது எவ்வாறு? எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்துள்ளது. பஸ்ஸில் அருகிருப்பவர் முன்னே, அவர் எவ்வினத்தவராயினும், கூச்சமின்றித் திறந்து பழமொன்றை வெட்டி அவருக்கும் ஒரு துண்டு கொடுக்கக்கூடிய கத்தியே நான் கொள்ளத்தக்க கத்தி. சுவிற்சர்லாந்து இராணுவம் 1891ஆம் ஆண்டில் தன் வீரருக்கு வழங்கிய புகழ்பெற்ற மடக்குக் கத்திகூடப் போரிடுவதற்கன்று. தகரப் பேணியைத் திறப்பதற்கும் துப்பாக்கியின் பாகங்களைக் கழற்றுவதற்குமே. படைவீரனின் சட்டைப்பையிலும் கத்தி கருவியாக இருக்கலாம். மாணவியின் கைப்பையிலும் அது ஆயுதமாகலாம். வேற்றுமை அலகின் நீளத்திலன்று, எதற்கு என்ற வினாவுக்கு உண்மையான விடை கூற இயலுமா என்பதிலேயே உள்ளது. அத்தகைய கத்திக்குத் துருவேறா அலகும், தளராத மூட்டும், வழுக்காத பிடியும் போதும். விரைந்து திறக்கும் தன்மை வேண்டியதில்லை.

இரும்புக் கடையில் வாங்கிய அக்கத்தி இப்போது எங்கள் விடுதியறை மேசைமேல் கிடக்கின்றது. அறைத் தோழியர் அன்னாசியும் கொய்யாவும் வெட்டுகின்றனர். முதலாளியிடம் சொன்ன பொய்யை இவ்வாறு காலந்தாழ்த்தி மெய்யாக்கிவிட்டேன். பாதையில் நடக்க ஒரு கைவிளக்கை வைத்திருக்கின்றேன். அதே பஸ்ஸில் வகுப்பு முடிந்து வரும் இரண்டு மாணவியரும் நானும் இப்போது சந்தியில் ஒருவருக்கொருவர் காத்திருந்து சேர்ந்தே நடக்கின்றோம். இவை கத்தியைவிட மலிவானவை. கத்தியைப்போல் எவரையும் பகைவராக்காதவை.

ஆயினும் இவ்வாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தி விடுதியில் இருப்பதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சினக்கவில்லை. “நீ படிச்சவ, சரியாத்தான் சொல்லுவ. ஆனா கத்தி பையில இருந்தப்ப எனக்குத் தூக்கம் வந்துச்சு” என்றார். அத்தூக்கத்தை நான் பறித்துவிட்டேன். ஹொப்ஸையும் அக்குவைனாஸையும் கொண்டு அதனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கள் லயத்து ஐம்பது குடும்பத்தார் கையொப்பமிட்டு, சந்தியிலிருந்து தோட்டம் வரை விளக்கு வேண்டுமெனப் பிரதேச சபைக்கு மனு அனுப்பியுள்ளோம். சிங்களத்தில் அதனை எழுதித் தந்தவர் அடுத்த கிராமத்துப் பாடசாலை ஆசிரியர். விடை இன்னும் வரவில்லை. இம்முறை விடுமுறைக்குப் போகும்போது நானே சபைக் காரியாலயத்துக்குச் சென்று கேட்கவிருக்கின்றேன். அவ்விளக்கு எரியும் நாளிலேதான் இக்கட்டுரையின் முடிபை என் தாயார் ஏற்பார். அதுவரை அவரது அச்சத்தைத் தவறென்று சொல்லும் உரிமை எனக்கில்லை.